பாட்டைப் பதிவுசெய்ய எதை முதலில் வாங்குவது?



இந்த மாதப் பாடத்தின் தலைப்பைப் பார்த்ததும், "பாஸ்டர் என்ன, மைக் கடை வைக்கப் போகிறாரா?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறபடியால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு, நம்முடைய சபை வாலிபத் தம்பி ஒருவர் நான்காக மடித்த ஒரு பேப்பரோடு என்னிடத்தில் வந்தார். வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை போடுவதற்கான பட்டியல். இருபத்தியிரண்டு சாமான்கள். கூட்டுத்தொகை ரூ. 3,00,000. "லோன் கிடைச்சிடும் பாஸ்டர். ஜெபம் பண்ணிக்குங்க" என்றார். பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன். விலையுயர்ந்த மைக் இருந்தது, இரண்டு பெரிய ஸ்பீக்கர் இருந்தது, நான் கேள்விப்படாத சில கருவிகளும் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. எந்த அறையில் பாடப் போகிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

"தம்பி, உட்காருங்க. ஜெபத்துக்கு முன்னாடி ஒரு கதை சொல்றேன்" என்றேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நான் இழந்துபோன பதினொரு பாட்டுகள்

சில வருடங்களுக்கு முன் நம் சபையில் ஒரு அப்பாயி இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-ல் இங்கே வந்ததிலிருந்து மூன்று நான்கு தலைமுறையாக இதையே நம்பி வாழ்கிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீடு அது. அப்பாயிக்கு எழுதத் தெரியாது. ஆனாலும் தானே ராகம் போட்டு, தானே வார்த்தை கோர்த்து, இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளை மனதிலேயே வைத்திருந்தார்கள். உபவாசக் கூட்டத்தில் அவர்கள் ஆரம்பித்தால் சபையே அடங்கிவிடும்.

அதை எப்படியாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு வாஞ்சை. சேர்த்து வைத்த பணத்தில் விலையுயர்ந்த கண்டென்சர் மைக் ஒன்றும், அதற்கான மற்ற கருவிகளும் வாங்கினேன். யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் அப்பாயியை எங்கள் குவார்ட்டர்ஸ் முன்கூடத்தில் உட்கார வைத்தேன். சிமெண்டுத் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. கூச்சப்படுகிறார்களே என்று மைக்கை மூன்றடி தள்ளி வைத்தேன். வியர்க்கிறதே என்று மின்விசிறியையும் ஓட விட்டேன். சத்தம் நன்றாக ஏறட்டும் என்று அளவுக் குமிழை முக்கால்வாசிக்குத் திருப்பினேன். ஒரே மூச்சில் பதினொரு பாட்டு பாடினார்கள்.

இரவு கேட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறது போல இருந்தது. வார்த்தைக்கு மேல் வார்த்தை எதிரொலி. அடியில் விசிறியின் உறுமல். நடுவிலே ஒரு டீசல் எஞ்சின் போகிறது. அவர்கள் உருகிக் குரல் எடுத்த இடத்திலெல்லாம் கரகரவென்று கிழிந்திருந்தது. "பரவாயில்லை, அடுத்த மாதம் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் அப்பாயி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள்.

மைக் நல்ல மைக்தான். கெடுத்தது மைக் அல்ல, நான்தான்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர்கள் பேரன் தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். பேத்தியைத் தூங்க வைக்க அப்பாயி பாடியது. சின்ன உள்ளறை, இலவம்பஞ்சு மெத்தை, கொடியில் நிறையத் துணி, கதவு சாத்தியிருந்தது, தலையணைக்குப் பக்கத்தில் போன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. என்னுடைய விலையுயர்ந்த மைக்கால் முடியாததை ஒரு சாதாரண போன் செய்திருந்தது. ஏன்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பாடம்.

1. எதற்காக என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரு கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும் (லூக்கா 14:28). இங்கே கணக்கு என்பது பணக்கணக்கு மட்டுமல்ல. யார் பாடப் போகிறார்கள்? ஒரே நேரத்தில் எத்தனை பேர்? எந்தெந்த வாத்தியம்? இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் நமக்காகத் தீர்மானித்துவிடுவார்.

ஒருவர் மட்டும் பாடி, பிறகு கீபோர்டை வாசித்து, பிறகு கோரஸைச் சேர்க்கிறதாக இருந்தால் ஒரு மைக்கும் இரண்டு வழி உள்ள கருவியும் போதும். ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளலாம். பாடகர் குழுவையும் தபேலாவையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பிடிக்க வேண்டுமானால்தான் எட்டு வழிக் கருவி தேவை. நம் வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வேலைக்கு இரண்டு வழியே தாராளம்.

2. அறைதான் முதல் கருவி

நான் வாலிபனாக இருந்தபோது ஒரு பாடகர் குழுவோடு திருச்சி வானொலி நிலையத்துக்குப் போயிருக்கிறேன். 1939-ல் தொடங்கிய நிலையம் அது. உள்ளே நுழைந்தவுடன் என் காது அடைத்துப்போனது போல இருந்தது. தடித்த கதவு, அதற்குள் இன்னொரு கதவு, துளை போட்ட பலகைச் சுவர், காலுக்குக் கீழே கம்பளம். பக்கத்தில் நிற்கிறவர் பேசினால் அவர் குரல் மட்டும் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அன்றைக்கு அதை ஆச்சரியமாகப் பார்த்தேனே ஒழிய, கற்றுக்கொள்ளவில்லை.

சங்கதி இதுதான். மைக் நம் குரலை மட்டும் கேட்பதில்லை. குரல் சுவரில் மோதித் திரும்பி வருவதையும் கேட்கிறது. நம் காது அதைத் தள்ளிவிட்டுக் கேட்கப் பழகியிருக்கிறது. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகையால் அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகு "டிங்" என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை பாட்டுக்கு ஆகாது. "டப்" என்று நின்றுவிட்டால் நல்ல அறை. வீட்டிலுள்ள எல்லா அறையிலும் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் துணி பீரோவும் மெத்தையும் இருக்கிற உள்ளறையே ஜெயிக்கும். நீளமும் அகலமும் சமமாக இருக்கிற சதுர அறையைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள்; எதிர் எதிர்ச் சுவர்கள் இரண்டு பக்கமும் ஒரே சுரங்களையே தூக்கிக் காட்டும்.

இங்கே அநேகர் இரண்டு காரியங்களைக் குழப்பிக்கொள்ளுகிறார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் *தடுப்பது* வேறு. உள்ளே எழும்புகிற எதிரொலியை *உறிஞ்சுவது* வேறு. தடுப்பதற்குப் பாரம் வேண்டும்: கனமான சுவர், இடைவெளி இல்லாத கதவு. உறிஞ்சுவதற்குப் பஞ்சு போன்ற தடிமன் வேண்டும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் இரண்டுமே நடக்காது. அட்டையில் பாரமும் இல்லை, தடிமனும் இல்லை.

ஒரு இன்ச் ஸ்பாஞ்ச் ஷீட்டை வாங்கி நான்கு சுவரிலும் ஒட்டுவதும் பாதி வேலைதான். சத்தம் ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. நொடிக்கு 100 தரம் அதிர்கிற ஒரு கனத்த சுரத்தின் அலை அப்போது 3.4 மீட்டர், அதாவது பதினோரு அடி நீளம். அதை ஒரு இன்ச் ஸ்பாஞ்ச் என்ன செய்யும்? கீச்சுச் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு, "பொம்ம்" என்கிற அடிச்சத்தத்தை அப்படியே விட்டுவிடும். அதனால்தான் சில பதிவுகள் மூடிய பெட்டிக்குள் பாடினது போல இருக்கின்றன.

மலிவான நல்ல வழி: 2 அடிக்கு 4 அடி மரச்சட்டம் செய்து, உள்ளே 2 இன்ச் தடிமனுள்ள ராக்வூல் பலகை வைத்து, காற்றுப் போகிற துணியால் மூடித் தைத்துவிடுங்கள். சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளி மாட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். இப்படி நான்கு அல்லது ஆறு பலகை போதும். ராக்வூலைக் கையாளும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். அதன் தூசி தோலில் அரிக்கும், மூச்சுக்கும் ஆகாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அதற்கும் பணம் இல்லையா? பாடுகிறவருக்குப் பின்னாலும் இரு பக்கமும் கொடி கட்டி, தடித்த ரஜாய்களையோ கம்பளிகளையோ இரண்டு மடிப்பாகத் தொங்க விடுங்கள். பின்னால் என்று ஏன் சொல்லுகிறேன்? மைக்கின் முகம் பாடுகிறவரைப் பார்த்திருக்கிறது. ஆகவே அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து வருகிற எதிரொலிதான் நேராக அதற்குள் போகும்.

ரயில் சத்தத்தை நம்மால் நிறுத்த முடியாது. பொன்மலையில் குடியிருந்துகொண்டு ரயில் வேண்டாம் என்றால் நடக்குமா? அதற்கு நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வாரம் உங்கள் வீட்டில் எந்த நேரம் அமைதி என்று நோட்டில் குறித்து வையுங்கள். விசிறியையும் பிரிட்ஜையும் அணைத்துவிட்டு, பாட்டுக்குப் பாட்டு விசிறி போட்டு இளைப்பாறுங்கள். பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்தால் வீட்டம்மா கேட்கிற கேள்விக்கு நான் பொறுப்பல்ல.

3. மைக்: விலையை அல்ல, வீட்டைப் பாருங்கள்

1925-க்கு முன் மைக் வைத்து இசைத்தட்டு பதிவு செய்கிற முறை வழக்கத்தில் இல்லை. பாடகர்கள் ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் பலமாகப் பாட வேண்டும். மைக் வந்த பிறகுதான் மெல்லிய குரலுக்கும் இடம் கிடைத்தது. அந்த மைக்கில் வீட்டு வேலைக்கு முக்கியமாக இரண்டு வகை.

*டைனமிக்*: உறுதியானது, கிட்டத்தில் இருக்கிற சத்தத்தையே அதிகம் பிடிக்கும். சபைகளில் நாம் பார்க்கிற ஷூர் எஸ்எம்58 இந்த வகை. 1966 முதல் விற்பனையில் இருக்கிறது. *கண்டென்சர்*: நுட்பமானது, மூச்சையும் இதழசைவையும் பிடிக்கும், ஆடியோ டெக்னிகா ஏடி2020 போன்றவை. இதற்கு 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே போக வேண்டும்.

நுட்பமானதுதானே நல்லது என்று நினைத்து நான் விழுந்தேன். நுட்பமான மைக் அப்பாயியின் குரலைப் பிடித்தது போலவே விசிறியையும் டீசல் எஞ்சினையும் நுட்பமாகப் பிடித்தது. அறை அமைதியாக, எதிரொலி அடங்கியதாக இருந்தால் கண்டென்சர் வாங்குங்கள். ரோட்டோரமோ லைன் ஓரமோ வீடு இருந்தால், வெறும் சுவராகவும் இருந்தால், டைனமிக் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பாடுங்கள். எஸ்எம்58-க்கு சந்தையில் போலிகள் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள்.

எந்த மைக்கானாலும் தூரம்தான் பெரிய ரகசியம். இடைவெளி பாதியானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலியோ அப்படியேதான் இருக்கும். நான் 90 சென்டிமீட்டரில் வைத்தேன். 15 சென்டிமீட்டரில் வைத்திருந்தால் அப்பாயியின் குரல் 15 டெசிபெலுக்கு மேல் முன்னுக்கு வந்திருக்கும். அதற்கு ஒரு பைசா செலவில்லை! ஒரு சாண் இடைவெளி நல்ல அளவு. "ப", "ப்பா" என்று வெடிக்கிற எழுத்துகளுக்கு நடுவில் ஒரு வலை வடிகட்டி வையுங்கள். நம் பாட்டுகளில் "பரிசுத்த", "பிதாவே" என்று அந்த எழுத்துக்குக் குறைவே இல்லையே!

இன்னொன்று: இந்த மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கம் கேட்டு, முதுகுப் பக்கம் செவிடானவை. ஆகவே சத்தம் வருகிற ஜன்னலுக்கு மைக்கின் முதுகைக் காட்டுங்கள்.

4. ஆடியோ இன்டர்ஃபேஸ்: நடுவிலிருக்கிற மொழிபெயர்ப்பாளர்

மைக்கிலிருந்து வருவது மின்சார அலை. கம்ப்யூட்டருக்குப் புரிவது எண்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே இன்டர்ஃபேஸின் வேலை. வெளிநாட்டுப் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அவர் தடுமாறினால் பிரசங்கம் என்ன ஆகும்? ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற இரண்டு வழிக் கருவிகள் நம் தேவைக்குப் போதுமானவை. வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்:

அ) 48 வோல்ட் உண்டா?
ஆ) டைனமிக் மைக்குக்குப் போதுமான பெருக்கம், அதாவது 50 முதல் 60 டெசிபெல் வரை, உண்டா?
இ) ஹெட்போனில் நம் குரலைத் தாமதமின்றி நேரடியாகக் கேட்கிற பொத்தான் உண்டா?
ஈ) என் கம்ப்யூட்டருக்கு ஏற்ற டிரைவர் உண்டா?

தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் சத்தத்தைத் துளித்துளியாக அல்ல, குடம் குடமாக வாங்குகிறது. நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும்போது, குடம் 128 மாதிரி கொள்வதானால் ஒரு குடம் நிரம்ப 2.7 மில்லிசெகண்ட், 1,024 ஆனால் 21 மில்லிசெகண்ட். போகும்போதும் வரும்போதும் இப்படிச் சேர்ந்துகொண்டே போனால், பாடுகிறவர் தன் குரலையே பிந்திக் கேட்டுத் தாளம் தப்பிவிடுவார். ஆகவே பாடும்போது சின்னக் குடம், பிறகு கலவை செய்யும்போது பெரிய குடம். ப்ளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது. அதிலேயே தாமதம் அதிகம்.

பதிவின் அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் அடக்கமாக எடுத்தாலும் தரம் குறையாது. மிகவும் உரத்துப் பாடுகிற இடத்தில் மீட்டர் மைனஸ் 12-ஐச் சுற்றி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டது முழுதாகத் திரும்பாது. அப்பாயியின் உருக்கமான இடங்களையெல்லாம் நான் அப்படித்தான் கிழித்தேன்.

"சபையில் யுஎஸ்பி உள்ள மிக்சர் இருக்கிறதே, அது போதாதா?" என்று சிலர் கேட்பீர்கள். போதலாம். ஆனால் அநேக மிக்சர்கள் எல்லாவற்றையும் கலந்து இரண்டே தடமாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பிறகு தபேலாவை மட்டும் குறைக்க முடியாது. வாங்குமுன் இதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

5. கேட்கிற கருவியும் கம்ப்யூட்டரும்

முதலில் காதை முழுவதும் மூடுகிற ஹெட்போன் ஒன்று. திறந்த வகையானால் அதிலிருந்து கசிகிற தாளம் மைக்குக்குள் போய்விடும். 1991 முதல் வருகிற சோனி எம்டிஆர்-7506 போன்றவற்றை ஒலிப்பதிவாளர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள். பாட்டு கேட்பதற்கென்று அடிச்சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஹெட்போன் பொய் சொல்லும். நமக்கு வேண்டியது புகழுகிற சிநேகிதன் அல்ல, குற்றத்தைக் காட்டுகிற சிநேகிதன்.

ஸ்டுடியோ ஸ்பீக்கர் பிறகு வாங்கலாம். சின்ன அறைக்கு 5 இன்ச் போதும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக, காது உயரத்தில் இருக்க வேண்டும். அதுவரைக்கும் கலவை செய்த பாட்டைப் போனிலும், டிவியிலும், யாருடைய காரிலாவதும், சபை ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றிலும் வார்த்தை புரிந்தால் கலவை சரி.

கம்ப்யூட்டர் இருப்பதே போதுமா என்று பாருங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் தொடங்கலாம், 16 இருந்தால் சௌகரியம்; எஸ்எஸ்டி அவசியம். மென்பொருளில் ஆடாசிட்டி முற்றிலும் இலவசம். ரீப்பர் 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும். பிறகு தனி நபருக்கான உரிமம் 60 டாலர். திருட்டுப் பிரதி மட்டும் வேண்டாம், பிரியமானவர்களே. ஸ்தோத்திரப் பாட்டைத் திருடின பொருளில் எடுப்பது எப்படி ஒத்துவரும்? வைரஸும் அதன் வழியாகத்தான் வருகிறது.

கீபோர்டு ஏற்கெனவே இருந்தால் பின்னால் யுஎஸ்பி துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மிடி வழியாக இணைக்கலாம். 1983-ல் வந்த இந்த முறை சத்தத்தை அனுப்புவதில்லை. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை அனுப்புகிறது. ஆகவே தப்பான சுரத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இடக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.6 எம்பி. பத்துத் தடமுள்ள நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 345 எம்பி. எப்போதும் இரண்டு இடங்களில் காப்பி வையுங்கள். ஒரே இடத்தில் இருக்கிற பதிவு, இல்லாத பதிவுக்குச் சமானம்.

6. கரண்டும் கேபிளும்

"உம்ம்" என்கிற இரைச்சல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. மூன்று முள் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளையே உபயோகியுங்கள். அதில் ஒரே சத்தம் இரண்டு கம்பியில் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் மறுமுனையில் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. எல்லாக் கருவியையும் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் முள்ளை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. செய்யாதீர்கள். லேப்டாப்பானால் பாடுகிற நேரத்துக்கு சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும்.

7. கடனுக்கு முன்னே ஒரு கணக்கு

தம்பியின் பட்டியலுக்கு வருவோம். கம்ப்யூட்டர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வேறொரு பட்டியல் போட்டோம். அறைக்கு ரூ. 8,000 முதல் 10,000. மைக் 8,000 முதல் 12,000. இன்டர்ஃபேஸ் 12,000 முதல் 16,000. ஹெட்போன் 6,000 முதல் 9,000. ஸ்டாண்டு, வலை, கேபிள் 3,000 முதல் 4,000. விலை கடைக்குக் கடை மாறும். என்றாலும் ஏறக்குறைய ரூ. 40,000 முதல் 50,000-க்குள் நல்ல பதிவு எடுக்கலாம்.

இப்போது கடனைப் பாருங்கள். ரூ. 3,00,000-ஐ 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 10,250. வட்டி மட்டும் மொத்தம் ரூ. 69,000. வட்டிப் பணமே நம் முழுப் பட்டியலையும் மிஞ்சிவிட்டது! தம்பி அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ.ஆர். ரஹ்மான் வீட்டுலதானே பாஸ்டர் ஸ்டுடியோ போட்டாரு?" என்று கேட்டார். சினிமாப் பாட்டைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. உண்மைதான். 1989-ல் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறத்தில் அவர் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-ல் வந்த 'ரோஜா' பாட்டுகள் அங்கேதான் உருவாயின. தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னே நடந்ததைப் பாருங்கள். அவர் தகப்பனார் ஆர்.கே. சேகர் 1976-ல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பையன் சிறு வயதிலேயே மற்றவர்களுக்குக் கீபோர்டு வாசிக்கப் போனார். கூடம் கட்டுமுன்னே பத்து வருடத்துக்கு மேல் அவர் காது கற்றுக்கொண்டிருந்தது. நாமோ கற்காமல் கூடம் கட்டப் பார்க்கிறோம். நேர்த்தியாய் வாசிப்பதைப் பற்றி 33-ஆம் சங்கீதம் பேசுகிறது. நேர்த்தி கடையில் விற்கிற பொருள் அல்ல.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேருகிற பையனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அளக்கிறதைத்தான், வெட்டுகிறது அப்புறம்தான். இதிலும் அப்படியே. முதல் மாதம் கை தட்டி அறையைத் தேர்ந்தெடுங்கள், போனிலேயே பதிவு செய்து பாருங்கள். அறை சரியானதும் மைக்கும் இன்டர்ஃபேஸும் ஹெட்போனும். பத்துப் பாட்டு எடுத்து முடித்த பிறகு, எது குறைகிறது என்று உங்கள் காதே சொல்லும். அதை மட்டும் வாங்குங்கள்.

தம்பி கடன் வாங்கவில்லை. இப்போது அவர் வீட்டு உள்ளறையில் நான்கு ராக்வூல் பலகை நிற்கிறது. சபையிலிருந்து ஒரு மைக்கை இரவலாகக் கொடுத்திருக்கிறோம். போன வாரம் என்னிடம் வந்து, "பாஸ்டர், நம்ம சபையில பழைய பாட்டுத் தெரிஞ்ச பெரியவங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். ஐந்து பேர். அதில் ஒருவருக்கு எண்பத்தாறு வயது. வருகிற சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறோம். புதுக் கருவி வரட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. கதவைச் சாத்தி, விசிறியை அணைத்து, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைக்கப் போகிறோம்.

அப்பாயியின் பதினொரு பாட்டுகளை நான் அழிக்கவில்லை. அவ்வப்போது கேட்கிறேன், பாதி வார்த்தை இன்னும் புரிவதில்லை. அந்தப் பேத்தியோ இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போனில் இருக்கிற அந்த ஒரே பாட்டை முழுவதும் பாடுகிறாள், அப்பாயி மூச்சு விட்ட இடத்திலேயே மூச்சு விட்டு.

வீட்டில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் எந்த அறையில் கை தட்டினால் சத்தம் சீக்கிரம் அடங்குகிறது? எந்த நேரம் அமைதி?
2. தடுப்பதற்கும் உறிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.
3. உங்கள் வீட்டுக்கு டைனமிக் பொருந்துமா, கண்டென்சர் பொருந்துமா? ஏன்?
4. இருக்கிற போனைக் கொண்டே இந்த வாரம் யாருடைய பாட்டைப் பதிவு செய்யப் போகிறீர்கள்?

நாலாவது கேள்வியைத் தள்ளிப் போடாதீர்கள்.